மானாவாரி சூப்பர்ஹீரோக்கள்

என் மதினி கிருஷ்ணப்ரியாவைப் பற்றி யாராவது "வேலவெட்டி இல்லாம வெளயாட்டு எழுதுறா" என்று சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். நான் வாக்கப்பட்ட பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஆதார் கார்டை நீட்டிக்கொண்டே ஒருத்தர் அப்படிச் சொன்னார். கார்டை அப்படியே அவர் கையில் திருப்பிக் கொடுத்து, அடுத்த கடைக்குப் போகச் சொன்னேன். அடுத்த கடை டவுன் பஸ்ஸில் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. போகட்டும், எனக்கென்ன.

மதினி என்றால் என் அண்ணன் ஜெயபாண்டியின் மனைவி. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வயது என்பதால் நீ, வா, போதான். அவள் பிறந்தது குமாரலிங்கபுரம், வாக்கப்பட்டது எங்கள் எம்.ரெட்டியபட்டி. அண்ணனுக்குக் கொஞ்சம் நிலமும், ஊரில் பருத்தி வாங்கி மில்லுக்கு அனுப்புகிற வியாபாரமும் உண்டு. எடை போடுவது, லோடு ஏற்றுவது, லாரியோடு மில்லுவரை போய் இறக்கிவிட்டு வருவது எல்லாம் மதினியின் பொறுப்பு. எடைக்கல்லில் அவள் கண் இருக்கிறவரை எவனும் வாயைத் திறக்க மாட்டான். அப்படிப்பட்டவள்தான் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் பருத்தி குடோனில் மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, எங்களை எல்லாம் சூப்பர்ஹீரோக்கள் ஆக்கிவிடுவாள்.

விளையாட்டு அவள் கோயம்புத்தூரில் படித்தபோது ஹாஸ்டலில் பழகியது. செல்போனும் வேண்டாம், டிவியும் வேண்டாம். ஒருத்தர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு சூப்பர்ஹீரோ. யாருக்கு என்ன சக்தி என்று ஆளுக்கொரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். "ஓடுற ரயிலை நிறுத்தப்போறேன்" என்று நீங்கள் சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆளுக்கு மூன்று பகடை, அதை உருட்ட வேண்டும், அவ்வளவுதான். நல்ல எண் விழுந்தால் ரயில் நிற்கும், இல்லையென்றால் ரயில் உங்கள் மேல் ஏறும். அதற்கப்புறம் என்ன ஆனது என்று கதை நடத்துகிறவர் சொல்வார்.

எங்கள் மேசையில் மூன்று ஹீரோக்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் தனுஷ்கோடி அண்ணனின் ஹீரோ லாரியை ஒற்றைக் கையால் தூக்குவான். அங்கன்வாடி ஆவுடைத்தாய் அக்காவின் ஹீரோ கைதட்டினால் எதிரில் இருப்பவர்கள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். பகலெல்லாம் பச்சைப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவர் வேறு என்ன சக்தி கேட்பார், பாவம். என் ஹீரோ வாயைத் திறந்து கத்தினால் சுவர் வெடிக்கும். எனக்கு அந்தச் சக்தியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது மதினி. ஏன் அதைக் கொடுத்தாய் என்று கேட்டதற்கு, "பொருத்தமா இருக்கட்டும்னுதான்" என்றாள் கொழுப்பெடுத்தவள்.

முதல் மாதத்திலேயே தகராறு வந்தது. 'விண்மறவர்' என்ற அந்த விளையாட்டின் மூலப் புத்தகம் பெரிய நகரத்துக்காக எழுதப்பட்டது. மாடிக்கு மாடி தாவு, பாலத்தைப் பிடுங்கி எறி, கட்டடத்தை உடை என்று பக்கம் பக்கமாக விதி இருக்கும். எங்கள் ஊரில் தாவுவதற்கு என்ன இருக்கிறது? பிடுங்கி எறிய ஒரு டிரான்ஸ்பார்மர்தான் இருக்கிறது. தனுஷ்கோடி அண்ணன் ஆட்டத்தில் அதைத்தான் பிடுங்கி வில்லன் மேல் எறிந்தார்.

ஆவுடைத்தாய் அக்கா பொறுக்க மாட்டாமல் எழுந்துவிட்டார். "ஏய்யா தனுஷ்கோடி, கரண்டு இல்லாம மோட்டாரு எப்படி ஓடும்? வில்லன விட நீதான்யா பெரிய வில்லன்!"

"வெளயாட்டுதானக்கா?" என்றார் அவர்.

"வெளயாட்டுன்னாலும் ஊருக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?"

மதினி சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து ஏதோ கிறுக்கிக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு விதியோடு வந்தாள். ஊர்ப் பொதுச்சொத்தை எந்த ஹீரோ உடைத்தாலும் அடுத்த ஆட்டம் முழுக்க அதைச் சரிசெய்வதுதான் அவர் வேலை. சண்டைக்கு வரக் கூடாது. தனுஷ்கோடி அண்ணன் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து டிரான்ஸ்பார்மர் மாட்டினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் குடோன் பூனை ஓடிவிட்டது.

இப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இந்த மாதிரி விதிகளுக்கு விருப்ப விதிகள் என்று பெயர். மூலப் புத்தகத்தை யாரும் மாற்ற வேண்டியதில்லை. பக்கத்தில் ஒரு துணைப் புத்தகமாக வைத்துக்கொண்டு, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், பிடிக்காததை விட்டுவிடலாம். மதினி எழுதியதில் வெயில் விதி உண்டு. உச்சி வெயிலில் பறக்கிற ஹீரோவுக்குச் சக்தி பாதிதான், நிழல் கண்டால் இறங்கியே ஆக வேண்டும். தாய்மாமன் விதி உண்டு. வில்லன் உங்களுக்குத் தாய்மாமன் முறையாக இருந்தால் முதல் அடியை நீங்கள் அடிக்க முடியாது. இதைச் சும்மா சிரிப்பதற்காக எழுதியிருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விதியை வைத்துக்கொண்டு நாங்கள் ஆடிய ஒரு ஆட்டத்தில் நான் அழுதே விட்டேன்.

எல்லாவற்றையும் சேர்த்து 'மானாவாரி' என்று பெயர் வைத்தாள். வானம் பார்த்த பூமிக்கு வேறென்ன பெயர் வைப்பது? என் கடையில்தான் அச்செடுத்துச் சுருள் பைண்டிங் போட்டோம். அந்தப் புத்தகத்துக்கே நடுநாயகம் காப்பு விதி.

எங்கள் ஊரில் பங்குனியில் அம்மனுக்குப் பொங்கல். அதற்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும், வெளியூரில் ராத்தங்கக் கூடாது. அதைத்தான் மதினி விளையாட்டில் கொண்டுவந்தாள். ஹீரோக்கள் கையில் காப்புக் கட்டிக்கொண்டால் ஊரே அவர்களுக்குத் துணை. ஒவ்வொருவருக்கும் மூன்றோடு கூடுதலாக ஒரு பகடை கிடைக்கும். பதிலுக்கு, விளக்கு வைத்த பிறகு எல்லை தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி. அதை வைத்து இரண்டு வருடம் ஆடினோம், ஒரு குறையும் தெரியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து கோகுல் என்பவர் பேசினார். விண்மறவரைப் போட்டவர் அவர்தான். மதினி அனுப்பிய மானாவாரியைப் படித்திருக்கிறார். இந்த வருடம் ஒரே ஒரு துணைப் புத்தகம்தான் அச்சில் கொண்டுவருவதாகவும், அது மானாவாரியாக இருக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் ஒரு சோதனை உண்டாம். மதினியைத் தெரியாத நாலு பேர் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு காப்பு விதிப்படி ஒரு ஆட்டம் ஆடுவார்கள். கதை நடத்தவும் அவர்கள் ஆளே. எழுதியவர் அதே அறையில் உட்கார்ந்திருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. ஆடுகிறவர்கள் எழுதியவரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்காமல் ஆட்டத்தை முடித்துவிட்டால் அச்சுக்குப் போகும். கேட்டுவிட்டால் வேறொருவர் புத்தகம் போகும்.

மதினிக்கு அன்று சாதம் இறங்கவில்லை. பருத்தி வியாபாரம் அண்ணன் பெயரில், வீடு எங்கள் அப்பா பெயரில். மானாவாரி ஒன்றுதான் அவளே உண்டாக்கியது. அட்டையில் அவள் பெயர் வர வேண்டும் என்று அவளைவிட எனக்குத்தான் வெறி. அண்ணன் பஸ் ஏற்றிவிட்டார். மதினிக்குத் துணையாக நானும் போனேன்.

சென்னையில் கோகுலின் ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. மரியாதையான மனிதர், காபி கொடுத்து உட்காரவைத்தார். "காலைல ஒரு ஆட்டம், மத்தியானம் ஒரு ஆட்டம். ரெண்டுல ஏதாவது ஒண்ணு சுத்தமா முடிஞ்சா போதும்" என்றார். ஆடவந்த நாலு பேரும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள். அதில் ஜோதிகா என்று ஒரு பெண், துறுதுறுவென்று இருந்தாள். அவளுடைய ஹீரோவுக்குப் பெயர் தும்பி, வானத்தில் பறப்பவள். கதை நடத்த ஒரு கண்ணாடிக்காரர்.

கதை இதுதான். உறிஞ்சான் என்ற வில்லன் நிலத்தடித் தண்ணீரை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போகிறவன். ஒரு கரிசல் ஊரில் போர்வெல் எல்லாம் வற்றிவிட்டது. மிச்சமிருப்பது ஊருணி ஒன்றுதான். நாலு ஹீரோக்களும் காப்புக் கட்டிக்கொண்டு ஊருணிக்குக் காவல் நிற்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் அமர்க்களமாகப் போனது. வெயில் விதிக்குச் சிரித்தார்கள், கூடுதல் பகடையை உருட்டிக் கூச்சல் போட்டார்கள். மதினி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கு வைக்கிற நேரம் வந்தது. உறிஞ்சான் தன் இயந்திரங்களை ஊருணிக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் தூத்துக்குடிப் பக்கம் தப்பி ஓடினான்.

"நான் துரத்துறேன். எல்லையைத் தாண்டிப் பறக்குறேன்" என்றாள் ஜோதிகா.

எங்கள் மேசையில் இரண்டு வருடத்தில் ஒருத்தர்கூட இதைச் சொன்னதில்லை.

கண்ணாடிக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"கூடாதுன்னா? நான் பறக்குறவ. தாண்டிட்டேன். என்ன ஆகும்?"

அவர் முன்னும் பின்னும் புரட்டினார். இருந்தால்தானே கிடைக்கும்? நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கடைசியில் ஜோதிகா எங்கள் பக்கம் திரும்பி, "மேடம், தாண்டினா என்ன ஆகும்?" என்று கேட்டேவிட்டாள்.

காப்புக் கட்டிவிட்டு எவளாவது தாண்டுவாளா என்று கத்த என் வாய் துடித்தது. அந்த மேசையில் எனக்குச் சுவர் வெடிக்கிற சக்தி இல்லாமல் போனதே என்று இருந்தது. மதினி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். காலை ஆட்டம் அதோடு போச்சு.

பக்கத்து ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். கோகுல் எதிரில் வந்து உட்கார்ந்து ஆறுதலாகத்தான் பேசினார். "இந்த விளையாட்டுல கூடாதுன்னு ஒண்ணு கிடையாதுங்க. எதையும் செய்யலாம், செஞ்சா என்ன ஆகும்ங்கிறதுதான் விதி. நீங்க அதை எழுதலை. சின்ன விஷயம்தான். தாண்டினவங்க சக்தியில அஞ்சு புள்ளி குறைஞ்சிடும்னு எழுதிடுங்க. இல்ல, சாமி குத்தம், மின்னல் வந்து தாக்கிடும்னு வைங்க. மத்தியானம் பிரச்சினையே வராது."

மதினி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "மின்னல் அடிக்கும்னு பயந்துக்கிட்டா எங்க ஊர்ல ராத்திரி வீட்டுக்கு வாராக?" என்றாள்.

"அப்படிச் சொல்லலைங்க."

"நீங்க எழுதச் சொல்றதுக்கு அதான சார் அர்த்தம்? அஞ்சு புள்ளி குறையும்னா, அஞ்சு புள்ளியக் குடுத்துட்டுத் தாண்டலாம்னு ஆகும். அபராதம் கட்டிட்டுப் போற விசயம் இல்ல சார் இது. அப்படி எழுதித்தான் புத்தகம் வரணும்னா எனக்குப் புத்தகமே வேணாம்."

சாதுவாக இருப்பாள், பேசினால் இப்படித்தான் பேசுவாள். எனக்கு அங்கேயே எழுந்து விசில் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் கோகுல் திருப்பி ஒன்று கேட்டார். "சரிங்க. அப்ப எதுக்குத்தான் தாண்ட மாட்டாங்க?"

மூச்சு விடுவது எப்படி என்று கேட்டால் என்ன சொல்வது? கோகுல் பில்லைக் கொடுக்கப் போனார். மதினி சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏ மாரி, நான் கல்யாணமாகி வந்த வருசம் மில்லுல லாரி மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா?"

மறக்குமா? அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எம்.ரெட்டியபட்டி வீட்டில்தான் இருந்தேன். காப்புக் கட்டியிருந்த நேரம். லோடோடு போன மதினியை ராஜபாளையத்தில் மில் கேட்டிலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். விளக்கு வைத்தாயிற்று, ஆளைக் காணோம். வீட்டில் அம்மா சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டது. அக்கினிச்சட்டி எடுக்க விரதம் இருந்த பக்கத்து வீட்டுப் பெண்களும் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் சாப்பிடவில்லை. யாரும் யாரையும் சாப்பிடாதே என்று சொல்லவும் இல்லை. பசியில் எனக்கு மதினி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஞாபகம் இருக்காவா? கொடல் காஞ்சு போச்சுடி எனக்கு" என்றேன்.

"நான் வந்து எறங்குனப்ப எல்லாரும் எந்திரிச்சீக. ஒருத்தராவது ஏன்டி லேட்டுன்னு கேட்டீகளா?"

"காப்பு நேரத்துல வந்தவுகளக் கேக்கக் கூடாதுல்ல."

"ஆமா. கேட்டிருந்தாத் தேவலன்னு இருந்துச்சு. மூடுன பானையப் பாத்துட்டு நான் அடுப்படியில போயி அழுதேன், ஒனக்குத் தெரியாது." அவள் முகம் தெளிந்துவிட்டது. "ஒண்ணும் ஆகாது மாரி. தாண்டுனவளுக்கு ஒண்ணும் ஆகாது. ஊருக்குள்ள இருக்கவுகளுக்குத்தான் ஆகும்."

கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. என் கைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போய், கோகுல் ஆபீசில் ஒரு தாள் வாங்கி எழுதினாள். தாண்டிய ஹீரோவுக்கு எதுவும் குறையாது. அவர் திரும்பி வரும்வரை, ஊருக்குள் இருக்கும் மற்ற ஹீரோக்கள் ஒவ்வொரு சுற்றிலும் தங்கள் பகடைகளில் ஒன்றைக் கீழே வைத்துவிட வேண்டும். அவர் திரும்பிவிட்டால் எல்லாப் பகடைகளையும் எடுத்துக்கொள்ளலாம். எதற்காகக் கீழே வைக்கிறோம் என்று தாண்டியவரிடம் யாரும் சொல்லக் கூடாது, திரும்பி வா என்று கூப்பிடவும் கூடாது. தாண்டியவருக்கு இந்தத் தாளைக் காட்டக் கூடாது.

கோகுல் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "ரிஸ்க்குங்க. அந்தப் பொண்ணுக்கு எதுவுமே குறையலைன்னா அவ பாட்டுக்குப் பறந்து போயிட்டே இருப்பா. புரியாம மறுபடி உங்களைத்தான் கேப்பா. கேட்டுட்டா அவ்வளவுதான்."

"கேட்டா கேக்கட்டும்" என்றாள் மதினி. சொல்லிவிட்டுப் பேனாவை மூடிகூடப் போடாமல் என் பைக்குள் திணித்தாள்.

மத்தியான ஆட்டம் தொடங்கியது. அதே ஊர், அதே ஊருணி. விளக்கு வைத்தாயிற்று, உறிஞ்சான் ஓடினான். ஜோதிகா எங்களை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். "இப்பவும் தாண்டுறேன்" என்றாள்.

"தாண்டலாம். உனக்கு எதுவும் குறையலை. அவன் நூறடி முன்னால ஓடுறான்" என்றார் கண்ணாடிக்காரர். பிறகு மற்ற மூன்று பேரிடமும் அந்தத் தாளை நீட்டினார். அவர்கள் படித்தார்கள். ஒன்றும் சொல்லாமல் ஆளுக்கொரு பகடையை எடுத்து மேசையில் வைத்தார்கள்.

"அட, இவ்வளவுதானா? சும்மாதான் மிரட்டியிருக்காங்க" என்று ஜோதிகா உருட்டினாள். பெரிய எண். தூரம் பாதியாகக் குறைந்தது. ஊரில் இயந்திரங்கள் ஊருணிக் கரையை உடைக்க வந்தன, மூன்று பேரும் உருட்டித் தோற்றார்கள். அடுத்த சுற்றில் இன்னும் ஒவ்வொரு பகடையை எடுத்துக் கீழே வைத்தார்கள். ஜோதிகா மறுபடி உருட்டினாள். அதுவும் நல்ல எண். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் உறிஞ்சான்.

"எதுக்கு எல்லாரும் டைஸைக் கீழ வைக்கிறீங்க?" என்று தன் கூட்டாளிகளைக் கேட்டாள். ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். "எருமைங்களா, சொல்லுங்கடா!" அவர்கள் மூன்றாவது பகடையையும் கீழே வைத்தார்கள். ஒவ்வொருத்தர் கையிலும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஊருணிக் கரை ஒரு பக்கம் உடைந்துவிட்டது.

அவள் மெல்ல எங்கள் பக்கம் திரும்பினாள். இதோ கேட்கப்போகிறாள், போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுகிறேன் என்றுகூட வேண்டினேன். கேள்வி வரவில்லை. கண்ணைத் திறந்தபோது ஜோதிகா எங்களைப் பார்க்கவே இல்லை. கீழே கிடந்த பகடைகளையும் கூட்டாளிகளின் கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உருட்டு, தும்பி. இந்தத் தடவை பிடிச்சிடுவே" என்றார் கண்ணாடிக்காரர்.

"உருட்டலை. திரும்புறேன்" என்றாள்.

"யோசிச்சுக்கோ. கைக்கெட்டின தூரத்துல இருக்கான்."

"திரும்புறேன்னு சொல்றேன்ல!" தன் பகடையைத் தள்ளிவைத்தாள். "எல்லைக்குள்ள வந்துட்டேன். நான் வந்துட்டேன்டா, எடுங்கடா டைஸை!"

மூன்று பேரும் வாரி எடுத்தார்கள். அதற்கப்புறம் அந்த மேசையில் நடந்த சண்டையை நான் பாதிதான் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. ஒரே சுற்றில் இயந்திரங்கள் நொறுங்கின. கரையை அடைத்தார்கள், ஊருணி தப்பியது. உறிஞ்சான் கடல் தாண்டிப் போய்விட்டான். ஆட்டம் முடிந்தது. எங்களிடம் ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை.

கோகுல் எழுந்து வந்து மதினிக்குக் கை கொடுத்தார். "அச்சுக்குப் போகுதுங்க" என்றார். இப்போதாவது இவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். வாய் வரைக்கும் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள், அழுத்தக்காரி. என் மதினி, எம்.ரெட்டியபட்டிக்காரி என்று ஜன்னலைத் திறந்து சென்னைக்கே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது.

கோகுல் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணே ஒண்ணு. வில்லன் தப்பிச்சுப் போறது வாங்குறவங்களுக்குப் பிடிக்காது. திரும்பி வர்ற ஹீரோவுக்கு, அவனைப் பிடிக்க இன்னொரு வாய்ப்புன்னு ஒரு வரி சேர்த்துட்டா என்ன?"

மதினி பதில் சொல்லும் முன் ஜோதிகா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"சார், அதுல கை வைக்காதீங்க. அவன் போனா போறான். அங்க எனக்காக மூணு பேர் உக்காந்திருந்தாங்க சார்."

மதினி கோகுலைப் பார்த்தாள்.

"கேட்டீகள்ல சார்? அப்படியே அச்சடிங்க."